லைன் போடாதே

தெய்வநாயகி அந்த வீட்டின் இரும்பு கேட்டைத் தாண்டியபோது காலை பத்து மணி. சித்திரை வெயில் அதற்குள் மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை விட்டு விலகி, சவுக்குத் தோப்புக்கு நடுவே நின்றது அந்தப் பழைய ஓட்டு வீடு. ரவிச்சந்திரன் என்கிற சென்னைக்காரர் அதை வாங்கிச் சுண்ணாம்படித்து, கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் காகிதப்பூச் செடிகள் தண்ணீரில்லாமல் சருகாகியிருந்தன. நீச்சல் குளத்தின் நீல ஓடுகள் மேல் ஓணான் ஒன்று படுத்திருந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஞானதாஸ் முன்னால் நடந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முந்தின நாள் திருக்கழுக்குன்றத்தில் அவளுடைய மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்து, தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னவர். கிணற்றில் எந்த மோட்டாரை இறக்கினாலும் ஒரு மணி நேரம் தாங்குவதில்லை, மூன்று வருஷத்தில் ஐந்து முறை எரிந்துவிட்டது, கடைசியாக வந்த செங்கல்பட்டு மெக்கானிக்கை மெயின் நிறுத்தியிருக்கும்போதே ஷாக் தூக்கி அடித்தது, அதற்குப் பிறகு யாரும் வர மறுக்கிறார்கள். இவ்வளவுதான் சொன்னார். எந்தக் கிணறு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தக் கிணற்றில்தான் தெய்வநாயகியின் கணவன் உலகநாதன் செத்துப்போனான்.

அது 2001 மே மாதம். மோட்டாரைச் சரிபார்க்க இறங்கியவன் மேலே ஏறி வரவில்லை. குடித்துவிட்டு வந்தான், மெயினை நிறுத்தாமலேயே தண்ணீரில் இறங்கினான், கரண்ட் அடித்துவிட்டது என்று ரவிச்சந்திரன் போலீசில் எழுதிக் கொடுத்தார். சவக்கிடங்கில் அவனுடைய சட்டை சாராயமாக நாறியதை எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். அப்படியே பதிவானது. பதினோரு வருஷம் அவனோடு வாழ்ந்தவள் ஒரு நாள்கூட அந்த நாற்றத்தை அவனிடம் கண்டதில்லை. அதைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

அழுகை ஒரு மாதத்தில் வற்றிவிட்டது. கோபம் வற்றவில்லை. மறைமலைநகர் தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். அவன் விட்டுப்போன கடையை மூடாமல் தானே உட்கார்ந்து சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கோபத்தையும் சேர்த்தே சுற்றினாள். மாமல்லபுரம் பஸ் இந்தச் சவுக்குத் தோப்பைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

இன்றைக்கு அவளே நடந்து வந்திருந்தாள். அந்த ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அதற்குத்தான்.

ரவிச்சந்திரன் வெளியே வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. செத்தவனின் வீட்டுக்கு அவர் வந்தால்தானே தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண கோஷ்டி தங்க வருகிறது, லாரித் தண்ணீரும் கிடைக்கவில்லை, அதற்குள் மோட்டார் ஓடியாக வேண்டும் என்று கட்டளை போடுகிற மாதிரி சொல்லிவிட்டு, "ஏம்மா, பொம்பள நீ செய்வியா இதெல்லாம்?" என்றார்.

"செய்வேன் சார்" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

கிணறு வீட்டின் பின்பக்கம். கருங்கல் கட்டு, உள்ளே இறங்க இரும்புப் படிகள், அறுபதடி ஆழம். வறட்சியிலும் அடியில் இடுப்பளவு தண்ணீர் கறுப்பாக நின்றது. தோப்பு முழுக்கக் காக்கையும் மைனாவும் கத்திக்கொண்டிருக்க, கிணற்றைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லை. கைப்பிடிச் சுவரில் கை வைத்தாள். வெயிலில் கொதிக்க வேண்டிய கல், ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது.

மேலே தூக்கிப் போட்டிருந்த நீர்மூழ்கி மோட்டார் சிமெண்ட் தரையில் நீளமாகக் கிடந்தது. சோதனை பல்பை வயரில் தொட்டாள். எரியக்கூடாத இடத்தில் பளிச்சென்று எரிந்தது. உள்ளே சுற்றியிருந்த கம்பி கருகி மோட்டார் உடம்போடு ஒட்டிவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். உள்ளே இருந்த தண்ணீரை வடித்தாள். கறுப்பாக, வெதுவெதுப்பாக வந்தது. ஆறு நாளாக வெளியே கிடக்கிற மோட்டார் என்று ஞானதாஸ் வரும் வழியில் சொல்லியிருந்தார்.

அடிமூடியின் போல்ட்டுகளைக் கழற்றினாள். அந்த மூடிக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகி விரியும்போது அது கொஞ்சம் இடம் கொடுக்கும். சவ்வுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சம்பழம் கொள்ளும் அளவுக்குத்தான் இடம்.

சவ்வு புடைத்திருந்தது.

கத்தியால் நெம்பினாள்.

அவ்வளவு சின்ன, வெளியிலிருந்து எதுவும் நுழைய முடியாத இடத்தில், மூன்று பீங்கான் பீஸ் கட்டைகள் இருந்தன. செப்புக் கம்பியால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு, மறுபடி ஒரு முறுக்கு.

அது உலகநாதனின் கட்டு. எந்தக் கிணற்றில் இறங்கினாலும் மெயின் போர்டிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி, கம்பியால் கட்டி, சட்டை ஜோபியில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். அவை இல்லாமல் மேலே யாரும் லைன் போட முடியாது. தன் உயிர் தன் ஜோபியில் இருக்க வேண்டும் என்பான். அவன் செத்த அன்று பீஸ் கட்டைகள் போர்டிலேயே இருந்ததாகத்தான் போலீஸ் காகிதம் சொன்னது.

  திரும்பி ஞானதாஸைப் பார்த்தாள். அவர் கண்கள் அந்தக் கட்டைகளின் மேல் இருந்தன. உதடு வெளுத்துப் போயிருந்தது. அவள் கட்டைகளைப் பைக்குள் போட்டாள். மோட்டாரைக் கடைக்கு ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இரண்டு நாள் அவள் அந்த மோட்டாரோடுதான் இருந்தாள். கருகின கம்பியை வெட்டி எடுத்தாள். கம்பி பதிகிற காடிகளையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கம்பியைக் காடி காடியாக நுழைத்து இழுத்துச் சுற்றினாள். தேய்ந்திருந்த பேரிங்கையும் புஷ்ஷையும் மாற்றினாள். பழகின கை தானாக ஓடியது. ஆனால் கடைக்குள் எரிந்த வார்னிஷ் வாடையும் பாசித்தண்ணீர் வாடையும் போகவே இல்லை. இரண்டு முறை மோட்டாரைத் துடைத்து வைத்தாள். இரண்டு முறையும் திரும்பிப் பார்ப்பதற்குள் அதன் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பூட்டி முடித்து, சுத்தமான தண்ணீரை நிரப்பினாள். மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் வாசலில் பேசிக்கொண்டு போனது. எதிர் டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. உரசல் இருக்கிறதா என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, ஒரு கையால் ஷாஃப்டைச் சுற்றினாள். உள்ளே என்ன நடந்தாலும் அந்த இரும்பு காதுக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு உரசலும் இல்லை. வழுவழுவென்று சுற்றியது.

கையை எடுத்தாள். ஷாஃப்ட் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

தண்ணீர் அலம்புகிற சத்தம். யாரோ கல்லின் மேல் உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். ஒரு மூச்சு, ஆழத்திலிருந்து.

பிறகு குரல்.

"லைன போடாத... நான் உள்ள கீறேன்... லைன போடாத..."

ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பதினோரு வருஷம் கேட்ட குரல் அது. ஆனால் அவனிடம் அவள் ஒருபோதும் கேட்டிராத ஒன்று அதில் இருந்தது. கெஞ்சல் மேலே இருந்தது. அடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது ஆத்திரம்.

அவள் குனிந்து மோட்டாரின் மேல் நெற்றியை வைத்தாள். அது காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது.

மறுநாள் காலை ஞானதாஸ் கடைக்கு வந்தார். வேலை முடிந்ததா என்று கேட்க ரவிச்சந்திரன் அனுப்பியிருந்தார். அவள் மூன்று பீஸ் கட்டைகளையும் மேஜை மேல் வைத்தாள். அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.  பிறகு தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

அன்றைக்கு வீடு நிறைய விருந்தாளிகள். தண்ணீர் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ரவிச்சந்திரன் பொறுமையிழந்து போர்டுக்குப் போனார். பீஸ் கட்டைகள் இல்லை. வெறும் செப்புக் கம்பியை முறுக்கி நேராகச் சொருகி, ஸ்டார்ட்டரை அழுத்தினார். உள்ளே ஆள் இருக்கிறான் என்று ஞானதாஸ் கத்தினார். இரண்டு நிமிஷம் ஓடட்டும், அவன் படிமேல்தான் நிற்கிறான் என்றார் ரவிச்சந்திரன். அதற்குள் கிணற்றிலிருந்து லைன் போடாதே என்கிற குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. உடம்பை மேலே எடுத்ததும் ஜோபியிலிருந்து கட்டைகளை உருவிக் கிணற்றுக்குள் எறிந்தார். போலீஸ் வருவதற்குள் போர்டில் புதுசு மாட்டியாகிவிட்டது.

"சாராயம்?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அவரு பாட்டில குடுத்தாரும்மா. சட்டையில ஊத்துனது நான்தான். மூணு வருசமா அந்தக் கெணத்தாண்ட போனா ஒருத்தன் செவுத்த அடிச்சிகினே கீறான். எனக்கு மட்டும் கேக்குது. அதான் ஒன்ன இட்டுனு போனேன்."

அந்த மனிதரை எதையாவது எடுத்து அடிக்க வேண்டும் போல இருந்தது. மேஜை மேலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். வியாழக்கிழமை மோட்டாரை இறக்க வருவதாக அவரிடம் சொல்லி அனுப்பினாள்.

வியாழனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பராமரிப்பு வேலைக்காக அன்று ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று மின்வாரியம் அறிவித்திருந்தது. யாருடைய கையும் யாரையும் கொல்ல முடியாத நாள் அது.

முக்காலியும் சங்கிலியும் கொண்டுவந்த இரண்டு கூலி ஆட்கள் குழாய் குழாயாகச் சேர்த்து மோட்டாரை இறக்கினார்கள். இரண்டு மணிக்கு அது தண்ணீரைத் தொட்டது. கேபிளின் மேல் முனையை அவள் எதிலும் இணைக்கவில்லை. மூன்று செப்பு நுனிகளும் காய்ந்த சிமெண்ட் தரையில் தனித்தனியாகக் கிடந்தன. இனி ஒருவர் கீழே இறங்கி, மோட்டாரைக் கல்மேடையில் நேராக உட்காரவைத்துக் குழாயைக் கட்ட வேண்டும். கூலி ஆட்கள் முடியாது என்று ஒதுங்கினார்கள். அந்தக் கிணற்றின் கதை ஊருக்கே தெரிந்திருந்தது.

ரவிச்சந்திரன் அவளைப் பார்த்துக் கத்தினார். மெக்கானிக் நீதானே, நீ இறங்கு என்றார்.

"இதுக்குள்ள எறங்குனவருதான் சார் எங்க வூட்டுக்காரரு" என்றாள் தெய்வநாயகி. "உலகநாதன்."

ஒரு நிமிஷம் அவர் வாய் திறந்தபடி நின்றது. அடுத்த நிமிஷம் சிரித்தார். "ஓ, அந்தக் குடிகாரன் பொண்டாட்டியா நீ?"

அவள் பையிலிருந்து பீஸ் கட்டைகளை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். கம்பிக்கட்டோடு. சிரிப்பு அப்படியே உறைந்தது. ஞானதாஸை ஒரு பார்வை பார்த்தார். எங்கேயோ கடையில் வாங்கிவந்து மிரட்டுகிறாயா என்று அவளைப் பார்த்து எகிறினார்.

"மோட்டாருக்குள்ள இருந்துது சார். பயம் இன்னாத்துக்கு? கரண்ட் இல்ல. கேபிளு வெளிய கெடக்குது. இந்தக் கட்டய உங்க ஜோபிலயே வச்சிக்கினு எறங்குங்க. அவரும் அப்டித்தான் எறங்குனாரு."

கூலி ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் கல்யாண கோஷ்டி. ரவிச்சந்திரன் ஆத்திரத்தோடு கட்டைகளைப் பிடுங்கிச் சட்டை ஜோபியில் திணித்தார். பேயாவது பிசாசாவது என்று திட்டிக்கொண்டே இரும்புப் படியில் கால் வைத்தார்.

அவர் இறங்க இறங்கத் திட்டுகிற சத்தம் சிறுத்துக்கொண்டே போனது. பிறகு தண்ணீர் அலம்பியது. இடுப்பளவு நீரில் நின்று மோட்டாரை நகர்த்தினார். அவ்வளவுதான், ஒன்றுமில்லை என்று கீழேயிருந்து கத்தினார்.

காற்று நின்றது. சவுக்கு மரங்களின் ஓசை அறுந்து விழுந்த மாதிரி நின்றது.

எரிந்த வார்னிஷ் வாடை கிணற்றிலிருந்து எழும்பியது.

தரையில் கிடந்த செப்பு நுனிகளில் ஒன்று லேசாகத் துடித்தது.

ம்ம்ம் என்று ஒரு முனகல்.

மோட்டார் ஓட ஆரம்பித்தது.

மேலே திறந்து கிடந்த குழாய் வாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கறுத்த தண்ணீர். தெய்வநாயகியின் காலை அது தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. கூலி ஆட்களில் ஒருவன் சங்கிலியை விட்டுவிட்டு ஓடினான். இன்னொருவன் ஓடவும் முடியாமல் நின்றான். கீழே ரவிச்சந்திரன் படியைப் பிடித்து ஏறப் பார்த்தார். பிடித்த கை படியோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுக்க உதறியது. பற்களுக்கு நடுவிலிருந்து வந்த அலறல் மனிதக் குரலாகவே இல்லை.

அந்த அலறலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது.

"லைன போடாத... லைன போடாத..."

அது இப்போது கெஞ்சவில்லை. கேலி செய்தது.

தெய்வநாயகி சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். "கம்பிய முறுக்கி லைன் போட்டது யாரு?"

"நான்... நான்தான்..."

"சாராயம் ஊத்தச் சொன்னது?"

"நான்தான்... விட்ருங்க... ஐயோ, நான்தான்..."

நின்றிருந்த கூலி ஆள் கேட்டான். ஞானதாஸ் கேட்டார். அவளுக்கு வேண்டியது வந்துவிட்டது. அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. மூன்று வருஷம் அந்த நாற்றத்தைச் சுமந்தவள் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த உடம்பு உதறுவதை, தலை கல்லில் மோதுவதை, பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு சொன்னது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பின்னாளில் அவளால் சொல்ல முடியவில்லை. ஞானதாஸ் அவள் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் தன்நினைவு வந்தது.

"போதும்ங்க" என்றாள் கிணற்றுக்குள் பார்த்து.

மோட்டார் நிற்கவில்லை.

"கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் அவன் வாயால சொல்லணும். அதுக்கு அவன் உசுரோட இருக்கணும். வுட்டுடுங்க."

நிற்கவில்லை. முனகல் இன்னும் ஏறியது. குழாய் முழுசாக அதிர்ந்தது. அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. கீழே இருப்பவன் தன் புருஷன்தான், ஆனால் மூன்று வருஷம் இருட்டுத் தண்ணீரில் கிடந்த புருஷன். தான் சொன்னால் கேட்கிற இடத்தில் அவன் இல்லை. அந்தப் பயமே கோபமாகத் திரும்பியது.

"அது நான் சுத்துன மோட்டாரு" என்று கத்தினாள். "என் கையால சுத்துனது. அத வச்சி ஒருத்தன நீ கொல்லக் கூடாது. நிறுத்து."

வாழ்க்கையில் அவனை அவள் ஒருமையில் அழைத்தது அந்த ஒரு முறைதான்.

முனகல் இறங்கியது. குழாயில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது.

ரவிச்சந்திரனைக் கயிறு கட்டி மேலே எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கையில் உள்ளங்கை வெந்து விரல்கள் மடங்கிப் போயிருந்தன. அந்த விரல்கள் அதற்குப் பிறகு நிமிரவே இல்லை. அவருடைய சட்டை ஜோபி கிழியாமல் அப்படியே இருந்தது. உள்ளே பீஸ் கட்டைகள் இல்லை.

ஞானதாஸ் அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்கு நடந்து போய் எழுதிக் கொடுத்தார், தன் பங்கையும் சேர்த்து. கூலி ஆளும் சொன்னான். வழக்கு மறுபடி திறந்தது. பழைய காகிதத்திலிருந்து குடிபோதை என்ற வார்த்தை நீங்க ஒரு வருஷம் ஆயிற்று. அதன் நகல் கைக்கு வந்த அன்று தெய்வநாயகி கடையைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ரவிச்சந்திரன் ஜாமீனில் இருந்தார். சென்னையை விட்டு வெளியே வருவதில்லை என்று சொன்னார்கள். கிணற்றை மண் கொட்டி மூடினார்கள். மோட்டாரை மேலே எடுக்க யாரும் முன்வரவில்லை. அது அறுபதடி மண்ணுக்கு அடியிலேயே போயிற்று. வீடு பூட்டிக் கிடந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பகல் வேளை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் சாருலதா கடைக்கு வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தாள். முகம் வேர்த்திருந்தது. சவுக்குத் தோப்பு வீட்டிலிருந்து நேராக வருவதாகச் சொன்னாள். இணைப்பைத் துண்டித்து, கம்பத்திலிருந்து வரும் ஒயரையும் அவிழ்த்து இரண்டு வருஷம் ஆகிறது, மீட்டரைக் கழற்றி எடுத்துவரத்தான் அலுவலகத்தில் அனுப்பினார்கள், லைன்மேன் கிட்டே போகவே மறுத்துவிட்டார் என்றாள்.

தெய்வநாயகி சுற்றிக்கொண்டிருந்த காயிலைக் கீழே வைத்தாள். "ஏன், இன்னா ஆச்சு?"

சாருலதா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். தம்ளர் பல்லில் பட்டுக் கிடுகிடுத்தது.

"மீட்டர்ல தகடு சுத்துதுக்கா" என்றாள். "மெதுவாதான் இருந்துது. நான் பக்கத்துல போய் நின்னதும் வேகமா சுத்த ஆரம்பிச்சிடுச்சு."